கரும்பலகையில் நான் துடைத்த மூன்றாம் ஆள்

என் செல்ல அக்கா,

உன்னை நான் வகுப்பில் வைத்துத் துடைத்துவிட்டேன். ஈரப் பஞ்சால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அகதி விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. எல்லாரும் நித்திரையானபின் குளியலறையில் இருந்து எழுதுகிறேன். யாரும் கதவைத் தட்டினால் கடதாசியைச் சட்டைக்குள் வைத்துவிடுவேன்.

நீ இயக்கத்துக்குப் போய் ஐந்து மாதத்தில் உன் சாவுச் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் ஜேர்மனிக்கு, பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். இப்போது டோர்ட்மண்டில் இருக்கிறோம். தஞ்சம் கேட்ட விசாரணையில் அப்பா தனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிவிட்டார். பக்கத்து அறை இரத்தினம் அண்ணைதான் அப்படிச் சொல்லச் சொன்னவர். "இயக்கத்துப் பெட்டை ஒருத்தி வீட்டில இருந்தவள் எண்டு தெரிஞ்சால் உங்கட விண்ணப்பம் துலைஞ்சுது. நேர கொழும்புக்கு ஏத்திப்போடுவாங்கள்."

அன்றைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஆர் கேட்டாலும் நீதான் மூத்தவள். விளங்கிச்சோ, பிள்ளை?"

"ஓம்" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன், அக்கா. அம்மா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா.

பள்ளிக்கூடத்தில் பௌதிக ரீச்சர் ஒவ்வொருவரையும் ஒரு தலைப்பில் பேசச் சொன்னார். நான் உன்னுடைய தலைப்பைத்தான் எடுத்தேன். வேறு என்ன எனக்குத் தெரியும்? கம்பஸில் பௌதிகம் படித்துவிட்டு வந்து சோறு பிசைந்தபடியே நீ சொல்லுவாயே. "கண்ணாடிக்குள்ள இடம் வலம் மாறினாலும் இயற்கை ஒரே மாதிரித்தான் நடக்கும் எண்டு நம்பினவை. அது பிழைச்சுது. சரி, துணிக்கையை எதிர்த்துணிக்கையாயும் சேர்த்து மாத்தினால் ஒத்துவரும் எண்டு பார்த்தவை. அதுவும் ஒரு துளி பிசகுது."

அந்தப் பிசகை ஒரு வகைத் துணிக்கையில், அணுவைவிடச் சின்னத் துகளில், கண்டாயிற்று. நியூத்திரினோவிலும் அது இருக்குமோ என்பதுதான் உன் கேள்வி. எங்கள் உடம்புக்குள்ளால் ஓசைப்படாமல் போகிற அந்தத் துணிக்கை, போகிற வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறும் என்று சிலர் நினைக்கிறார்கள். இன்னும் ஒருவரும் காணவில்லை. மாறுமென்றால், எதிர் நியூத்திரினோவும் அதே அளவில்தான் மாறுமா? வித்தியாசம் தெரிவதற்கு இரண்டு வகை போதாது, மூன்று வேணும் என்பாய்.

ஏன் என்று நான் கேட்க, எங்கள் மூன்று பேரையும் மணிக்கூட்டோடு வட்டமாக இருத்தினாய். நான் உன்னைவிட ஐந்து நிமிடம் முந்த வேணும், நீ தம்பியைவிட ஐந்து நிமிடம், தம்பி என்னைவிட ஐந்து நிமிடம். முள்ளைத் திருப்பித் திருப்பித் தம்பி அழுவாரைப் போல ஆகிவிட்டான்.

"என்ர மணிக்கூடுதான் பிழையோ?"

"இல்லையடா மொக்கா, ஒருத்தற்றையும் பிழையில்லை. ரெண்டு பேர் எண்டால் ஒராள் முள்ளைத் திருப்பினால் காணும், ஒத்துவரும். மூண்டு பேர் சுத்தி இருந்தால், ஆர் திருப்பினாலும் எங்கயோ ஒரு மிச்சம் நிக்கும். அந்த மிச்சம்தான் பிசகு."

அதைத்தான் கரும்பலகையில் கீறினேன். யோசிக்காமல் கை கீறியது: குட்டையாகத் தம்பி, அடுத்து நான், உயரமாக, இரட்டைப் பின்னலோடு நீ.

முன்வாங்கில் இருந்த சபீனா சிரித்தாள். "இந்த நெட்டச்சி யார்? உனக்குத் தம்பி மட்டும்தானே! அக்கா ஒருத்தியை ஒளித்து வைத்திருக்கிறாயா?" வகுப்பும் சிரித்தது. அவள் பகிடிக்குத்தான் கேட்டாள். ஆனால் அவளுடைய தாய்க்கு எங்கள் விண்ணப்பம் கிடக்கிற வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேலை.

"எனக்கு அக்கா இல்லை. பிழையாகக் கீறிவிட்டேன்" என்றேன். பஞ்சை எடுத்து, தலையிலிருந்து கால் வரை துடைத்தேன். உன்னுடைய உயரத்துக்குப் பலகை கொஞ்ச நேரம் ஈரமாக இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கவே அதுவும் காய்ந்துபோனது.

பிறகு ரீச்சர் கேட்டார்: "பலகையில் இருக்கிற இரண்டு பேருடைய மணிக்கூடும் ஒத்துப்போகிறதே. நீ சொன்ன மிச்சம் எங்கே?"

எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் "மிச்சம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் இருந்தேன்.

மணி அடித்தபின் ரீச்சர் என்னை மறித்தார். "உனக்கு இது விளங்கும் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை திரும்பச் செய்."

பிழையான பதில் சொன்னதற்கு எனக்கு வெட்கமில்லை. உன்னை இல்லையென்று சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை, அதுதான் வெட்கம். அப்பாவாவது பயத்தில், எங்கள் எல்லாருக்காகவும் சொன்னார். நான் ஒரு பகிடிக்குப் பயந்து சொன்னேன். நீ பார்த்திருந்தால் என்னை அடித்திருப்பாயா, சிரித்திருப்பாயா?

வியாழக்கிழமை பின்னலும் உயரமும் இல்லாமல் மூன்று வட்டம் போட்டுத் தப்பலாம். அதையும் யோசித்தேன், உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இதை யார் சொல்லித் தந்தது என்று ரீச்சர் கேட்பார். புத்தகம் என்று சொன்னால், இரண்டாம் முறையும் உன்னைத் துடைத்ததாகிவிடும் அல்லவா?

அதனால் இதைச் சொல்கிறேன், கேள். காலையில் அப்பாவிடம் போவேன். வெளியில் தெரிந்தால் விண்ணப்பத்துக்கு வரும் கேடு அவருடைய தலையிலும்தான் விழும். அவருக்குத் தெரியாமல் செய்யமாட்டேன். "அக்காவைப் பற்றி ரீச்சரிட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டால் வேண்டாம் என்பார்; அதனால் "எப்பிடிச் சொல்லுவம், அப்பா?" என்று கேட்பேன். பயம்தான் அக்கா. ஆனாலும் அவர் பதில் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பமாட்டேன்.

உன் தங்கச்சி,
மூன்று பிள்ளைகளில் நடுவிலாள்