மாளிகைத்திடலில் ஒன்றும் இல்லை

மாளிகைத்திடல்,
பட்டீஸ்வரம் வழி,
16-7-1972

தம்பி இராஜாங்கத்துக்கு, அக்கா வேம்பு எழுதுவது.

நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் கை கால் ஓடுகிற அளவுக்கு இருக்கிறோம். நீ மெட்ராஸில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, மேடையில் பேசியே வயிற்றை நிரப்பிக்கொள்கிறாயா தெரியவில்லை.

போன வருஷம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கொடியை நட்டுத் திடலில் குடிசை போட்டோம் அல்லவா, இப்போது சுவர் வைக்கிறோம். வாய்க்கால் ஓரத்துப் பழைய தெருவில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றது போதும். இந்தச் சுற்று வட்டத்தில் தண்ணீர் ஏறாத இடம் இது ஒன்றுதான். ராசா வீடு இருந்த இடம், கால் வைத்தால் ஆகாது என்று சொல்லியே இத்தனை காலம் நம்மைக் கீழே வைத்திருந்தார்கள்.

கடைக்கால் தோண்டினால் செங்கல் வருகிறது. பலகை மாதிரி அகலம். உன் மச்சான் அதையே எடுத்துச் சுவர் வைக்கிறார். எதிர்க் குடிசைக் காளியம்மாள் ஒன்றைத் துணி துவைக்கப் போட்டிருக்கிறாள். நடவுக்கு ஆள் கூப்பிட வந்த பண்ணையார் பார்த்துவிட்டு, "ராசா வூட்டுலயே குடியேறிட்டீங்க. இனிமே நடவுக்குப் பல்லக்குதான் அனுப்பணும் போல" என்றார். காளியம்மாள் விடுவாளா? "பல்லக்கு வேணாங்க. கூலிய ஏத்திக் குடுங்க, நடந்தே வர்றோம்" என்றாள்.

திடல் புறம்போக்காம். பட்டா இல்லாவிட்டால் எந்த நாளும் இறக்கிவிடலாம் என்கிறார்கள். உன் கட்சிதானே ஆள்கிறது. பட்டாவுக்கு வழி பார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா,
வேம்பு

சென்னை,
2-8-1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பட்டா விஷயத்தை விட்டுவிட்டுச் செங்கலைப் பற்றித்தான் மூன்று முறையும் படித்தேன் என்றால் திட்டாதே.

தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ராஜாக்கள் குடியிருந்த ஊர் நம் பழையாறை. முடிகொண்ட சோழபுரம் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. நம் முடிகொண்டான் ஆற்றின் பெயரிலேயே அது மிச்சம் இருக்கிறது. சாமிக்குக் கல்லில் கட்டினார்கள், தங்களுக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள். கோயில் நின்றது, வீடு மண்ணாகிவிட்டது. அரண்மனை எங்கே இருந்தது என்று இன்றுவரை யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது நீ என் கையைப் பிடித்துத் திடலைச் சுற்றி இழுத்துப் போவாய், ஏற விடமாட்டாய். அன்றைக்கே எனக்கு அந்த மேட்டின் மேல் ஒரு கண்.

எங்கள் பத்திரிகையில் எழுதிவிட்டேன். மன்னார்குடி கூட்டத்திலும் பேசினேன், கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பார்க்கத் தொல்பொருள் இலாகா அதிகாரிகள் வருவார்கள். எதையும் ஒளிக்காதீர்கள். கிடைத்ததையெல்லாம் எடுத்துக் காட்டுங்கள். நாடே வந்து பார்க்கிற இடமாகிவிட்டால் உங்களை யார் இறக்குவார்கள்? பட்டா தானாக வரும்.

தம்பி,
இராஜாங்கம்

மாளிகைத்திடல்,
22-1-1973

தம்பி இராஜாங்கத்துக்கு,

நீ சொன்னவர்கள் ஜீப்பில் வந்தார்கள். பொங்கல் கோலம் இன்னும் கலையவில்லை. புதுப்பாய் விரித்துக் கல்யாணச் சீர் மாதிரி வரிசை வைத்தோம்: செங்கல், ஓடு, பச்சைப் பூச்சுப் பூசிய கிண்ணத்துச் சில்லு, ஒரு செப்புக் காசு, துருப்பிடித்த ஆணி. காளியம்மாள் துவைக்கிற செங்கலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். உன் மச்சான் சுவரில் பூச்சைச் சுரண்டி உள்ளே இருப்பதையும் காட்டினார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம்.

பெரியவராக வந்தவர், "இவ்வளவு இருக்கும்னு நாங்க எதிர்பாக்கலைம்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னும் இருக்குங்க, தோண்டத் தோண்ட வருதுங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

பட்டா எப்போது வரும் என்று கேட்டேன். "அது எங்க வேலை இல்லைம்மா" என்றார். அதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது. விசாரித்து எழுது.

வேம்பு

மாளிகைத்திடல்,
9-5-1973

தம்பிக்கு,

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. இது மூன்றாவது.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பழைய செங்கலை எடுத்துச் சுவர் வைத்தது குற்றமாம். சாட்சி தேட வேண்டியதில்லை, நாங்களே பாயில் பரப்பிக் காட்டியிருக்கிறோம். "வேற சாதி சனமா இருந்தா ஒரு செங்கலாவது பொய் சொல்லி மறைச்சிருக்கும்டி, நாம வெத்தல பாக்கு வச்சுக் காட்டுனோம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள் காளியம்மாள். சிரிப்பு நிற்கவில்லை, பயமாக இருக்கிறது.

உனக்குப் பேச ஒரு ராசா வேண்டும். எனக்குத் தண்ணீர் ஏறாத இடம் வேண்டும். இரண்டும் ஒரே மண்ணில் கிடந்தால் நான் என்ன செய்யட்டும்?

வேம்பு

சென்னை,
2-6-1973

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத முகம் இல்லாமல் இருந்தேன். ஏறாத ஆபீஸ் இல்லை. கட்சி உடைந்த பிறகு நம் பேச்சுக்கு முன்போல மதிப்பும் இல்லை. கடைசியில் ஒன்று முடிந்தது: உங்கள் எல்லோருக்கும் வடிகால் கரையில் மாற்று இடம், பட்டாவோடு. பட்டா கையில் வரும், உறுதி.

கோபத்தை விட்டுவிட்டு ஒன்றை யோசி. ஆயிரம் வருஷத்துச் சொத்து அது. நம்முடையதும்தானே, அக்கா? அந்தச் செங்கலை அறுத்துச் சுமந்தவர்கள் யார் என்று நினைக்கிறாய்? கார்த்திகையில் வருகிறேன், நேரில் பேசுவோம்.

இராஜாங்கம்

வடிகால் தெரு,
3-12-1973

தம்பிக்கு,

பட்டா வந்தது. டிரங்குப் பெட்டியில் வைத்தேன். தண்ணீர் வந்ததும் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். பட்டாவும் பெட்டியும் நனையவில்லை, மற்றதெல்லாம் நனைந்துவிட்டது.

திடலைச் சுற்றிக் கம்பி வேலி, ஒரு போர்டு. தோண்ட யாரும் வரவில்லை. எங்கள் சுவரை இடித்த செங்கல் குவித்த இடத்திலேயே கிடக்கிறது. வேலியை ஒரு பக்கம் தூக்கிவிட்டுப் பண்ணையார் வீட்டு மாடு உள்ளே மேய்கிறது. மாட்டுக்கு நோட்டீஸ் இல்லை.

சுமந்தவர்கள் யார் என்று கேட்டிருந்தாய். நாம்தான், தெரிகிறது. சுமந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று உன் புத்தகத்தில் இருந்தால் பார்த்துச் சொல். எனக்கென்னவோ வடிகால் கரையில் என்றுதான் படுகிறது.

வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம். உன்னை உட்கார வைக்க ஈரமில்லாத இடம் இல்லை.

வேம்பு

மாளிகைத்திடல்,
4-12-1977

தம்பி இராஜாங்கத்துக்கு, அக்கா வேம்பு எழுதுவது.

நான்கு வருஷம் ஆகிவிட்டது. புயலில் நாங்கள் இருக்கிறோமா போய்விட்டோமா என்று கேட்டு நீ எழுதிய கார்டு வந்தது. இருக்கிறோம்.

ஐப்பசிக் கடைசியில் காற்று அடித்தது. முடிகொண்டான் கரை உடைந்து வடிகால் தெரு கூரையோடு போயிற்று. உன் மச்சான் அரிவாளால் கம்பியை அறுத்தார். எல்லோரும் திடலில் ஏறினோம். பண்ணையார் வீட்டு மாடுகளும் எங்களோடு நின்றன. தண்ணீர் வடிந்ததும் மாடுகள் இறங்கின. நாங்கள் இறங்கவில்லை. தாசில்தார் அரிசி கொடுத்துவிட்டு, "இப்பக்கி இருங்க, அப்புறம் பாப்போம்" என்று போயிருக்கிறார். பரணில் வைத்த பட்டாவும் வெள்ளத்தோடு போய்விட்டது.

இனி எழுதுவது உனக்கு மட்டும்.

மழையில் வடக்குச் சரிவு இடிந்து விழுந்தது. உள்ளே படிக்கட்டு இருந்தது. செங்கல் படி, விளிம்பெல்லாம் கால் பட்டுத் தேய்ந்த மாதிரி. பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு, அதில் சிவப்புச் சாயம் அப்படியே. நான் ஒரு படியில் உட்கார்ந்து பார்த்தேன். உன்னை நினைத்தேன். காளியம்மாள் பின்னால் நின்று, "எந்திரிடி. மூடு" என்றாள்.

அன்றைக்கே கூடை கூடையாக மண் சுமந்து மூடினோம். அதன் மேல் குடிசை போட்டு, படிக்கு நேர் மேலே அடுப்பு வைத்திருக்கிறேன். இங்கே ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். உன்னிடம் சொல்லாதே என்று உன் மச்சான் கையைப் பிடித்துக் கேட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து நீ தேடியது, சொல்லாமல் இருக்க என்னால் ஆகவில்லை.

நீ எழுதினால் இந்தத் தடவை நடந்து இறங்க மாட்டோம். இழுத்துத்தான் போட வேண்டும்.

அக்கா,
வேம்பு

சென்னை,
26-12-1977

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் இருப்பது தெரிந்த பிறகுதான் தூக்கம் வந்தது. ஆட்சி மாறிவிட்டது. மேடைக்கு என்னை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பொங்கல் மலருக்குச் சோழர் தலைநகரங்களைப் பற்றிக் கட்டுரை போடுகிறார்கள். பழையாறை அரண்மனையை முதலில் எழுதியவன் என்பதால் அந்தப் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை அப்படியே கீழே தருகிறேன்:

"அரண்மனை இருந்த இடம் இதுதான் என்று காட்டப் பழையாறையில் எந்த அடையாளமும் இல்லை. மாளிகைத்திடலைப் பற்றி ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே பத்திரிகையில் வந்த செய்தி அவசரத்தில் எழுதப்பட்டது. வெள்ளத்துக்குத் தப்பிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியிருக்கின்றன. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை."

ஆசிரியர் படித்துவிட்டு, "என்னய்யா, கட்டுன அரண்மனைய நீயே இடிச்சிட்ட?" என்றார். "நான் இடிக்கலங்க. வெறும் மேடுதான்" என்றேன். இன்னொரு முறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இதையும் நீ கிழித்துவிடு.

படி எந்தத் திசை பார்த்து இறங்குகிறது, அந்தச் சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. கேட்கவில்லை. நீயும் எழுதாதே.

வர வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னாய், வரவில்லை. இப்போது திடலில் ஈரமில்லாத இடம் இருக்கிறதே. மாட்டுப் பொங்கலன்று வரட்டுமா? மச்சானிடம் கேட்டு ஒரு வரி போடு. அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்தால் போதும். சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

தம்பி,
இராஜாங்கம்