கார் கதவுக்குள் காணாமல் போன உன் பேஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். விடியும்வரை பொறுத்தால் வழக்கம்போல் யோசித்து யோசித்துப் பாதியை அடித்துவிடுவேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை சின்னவள் மூவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பில் குறையில்லாமல், கோபத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்து இருப்பாய் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. இருமியபோது தூக்கம் இல்லை, இப்போது ஏன் இருமவில்லை என்று எழுந்து எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். உன்னைப் பெற்றபோது கல்லூரியைக்கூட முடிக்கவில்லை, ஒன்றும் தெரியாமல் பயந்தேன். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு பயப்படுகிறேன், படிப்பால் வந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இசைக்குழுவில் நீ பேஸ் கிட்டார் வாசித்த முதல் பாட்டை அனுப்பினாய் அல்லவா, ஹெட்போனைச் சின்னவள் கடித்து வைத்திருந்ததால் காரில் உட்கார்ந்து கேட்டேன். பாடுகிற பெண் கேட்டாள், டிரம்ஸ் கேட்டது, யாரோ மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது, உன் கிட்டார் மட்டும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் பொறுத்தேனா? உடனே போன் போட்டு, "பாட்டுலேர்ந்து உன்னை மட்டும் எடுத்துட்டாங்கடி, இப்படி ஏமாந்து நிக்கிறியே" என்று கத்தினேன். நீ, "உனக்கே நான் கேக்கலன்னா வேற யாருக்கும்மா கேக்கப் போறேன்" என்று போனை வைத்தவள்தான், அதன்பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. குழுவை விட்டு விலகப் போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவேளை கோளாறு காரில்தானோ என்று பிறகுதான் தோன்றியது. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கதவில் இருக்கும் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டியாம். தகரம் அதிர்ந்தாலும், உள்ளே ஓட்டை இருந்து காற்று கசிந்தாலும் பேஸ் என்கிற அந்த அடிச்சத்தம் செத்துவிடுமாம். விடுவேனா? இரண்டு கதவையும் பிரித்து, தார் மாதிரி ஒட்டும் ஷீட்டைத் தகரம் முழுக்க ஒட்டி, ஓட்டைகளை எல்லாம் அடைத்து, ஸ்பீக்கரைச் சுற்றி ஸ்பாஞ்சு வளையம் வைத்து, வயரைக்கூடத் துடைத்து வைத்தேன். தலைமுடியில் ஒட்டிய தாரைக் கத்தரிக்கோலால்தான் எடுக்க முடிந்தது, முன்பக்கம் எனக்கு இப்போது முடி ஒரு தினுசாக நிற்கிறது. அப்பா கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, "இது கார் கதவா, பேங்க் லாக்கரா?" என்றார். இத்தனைக்கும் பிறகு பாட்டைப் போட்டால், பேஸ் பழையபடி பூஜ்யம்.

நேற்று உன் பாட்டைப் போட்டபடி சாமான் வாங்கப் போகும்போது அப்பாவுக்கு ஆபீஸ் போன் வந்தது. "என் பக்கம் சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்" என்றார். நான் சத்தம் முழுவதையும் என் பக்கத்துக் கதவுக்குத் தள்ளினேன். தள்ளியதுதான் தாமதம், என் முழங்காலுக்குப் பக்கத்தில் தும் தும் என்று நீ! ஒரு ஸ்பீக்கர் பாடினால் இருக்கிறாய், இரண்டும் பாடினால் இல்லை. வண்டியை ஓரம் கட்டி அழுதேன். அப்பா போனில், "ஒண்ணுமில்ல சார், வீட்ல பாட்டு கேக்குறாங்க" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் கதவில் கடகடவென்று சத்தம் வர, கதவே கழன்று விழப்போகிறது என்று நடுங்கி நானே பிரித்தேன். உள்ளே ஒரு பாட்டில் மூடி. அப்போது கையோடு வந்துவிட்ட அந்தக் கதவு ஸ்பீக்கரின் ப்ளஸ், மைனஸ் வயர் இரண்டையும் இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்திருக்கிறது. அப்படி மோதினால் மற்ற சத்தமெல்லாம் தப்பிவிடும், அடியில் கனமாக ஓடும் பேஸ்தான் அழியும். இதையேதான் இயற்பியல் தேர்வில் படம் போட்டு விளக்கி முதல் வகுப்பு வாங்கினேன். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டால், "திரும்ப வாங்கிப்பாங்களா?" என்கிறார் உன் அப்பா.

வயரைச் சரியாக மாட்டி, பாட்டை முதலிலிருந்து கேட்டேன். எல்லோரும் நிறுத்திவிட்ட பிறகும் நீ மட்டும் ஒரே சுரத்தை விடாமல் பிடித்து நிற்கிறாயே, அங்கே முன்கண்ணாடி நடுங்கியது, நானும்தான். முடிவில் ஓரிடத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறாய், அது என் பிள்ளை என்பதற்கு அடையாளம். பாப்பா, உனக்கே அலுத்துப்போனால் விலகு, நான் வாய் திறக்க மாட்டேன். அம்மா வயரை மாற்றி மாட்டினாள் என்பதற்காக விலகாதே. உன் குழுப் பிள்ளைகளிடம் என் முட்டாள்தனத்தைத் தாராளமாகச் சொல், சிரித்துவிட்டுப் போகட்டும்.

நன்றாக இரு, மனசு நிறைய வாசி, உன் கைக்கும் காதுக்கும் ஒரு குறையும் வராது. ராத்திரி ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வை. மறுபடி ஒத்திகைக்குப் போனாயா இல்லையா, அதை மட்டுமாவது சீக்கிரம் எழுது.

உன்
அம்மா