அப்பாவின் தட்டில் உப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிடத்தான் கை போகிறது, ஆனால் அந்தச் சொல்லைப் பாதிதான் எழுத முடியும், மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசாமல் இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இரண்டு அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது, எந்த மூலையில் நின்று முணுமுணுத்தாலும் அப்பா காதில் விழும். சாயங்காலம் கால் மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டரம்மா உத்தரவு. அவர் தெருமுனை மருந்துக்கடை வரை போய்த் திரும்பும் அந்த நேரத்தில் நீ அங்கே வேலையில் இருப்பாய், அப்போதுதான் எழுதுகிறேன், இன்றோடு மூன்றாவது நாள், அதனால் முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள். முப்பது வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தவள் நான், என் பிழையை எழுத வரும்போது ஒரு வரி எழுதி இரண்டு வரி அடிக்கிறேன்.

நீ அப்பாவோடு பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. கோபத்தில் இருக்கிறாய், தெரியும். கோபப்பட வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆள்மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறாய், அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன்னால் சமையல்கட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உனக்குப் புரியாது.

அப்பா ஓய்வு பெற்று வந்த மறுநாளே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தது உனக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே நீ விமானம் ஏறிவிட்டாய், அதற்கப்புறம் நடந்த சண்டையெல்லாம் நீ பார்க்காதது. நான் சமைப்பது எப்படி என்று உனக்குத் தெரியாதா, எட்டு மணிக்கு அச்சகத்தில் இருக்க வேண்டியவள், ஒரு கையில் கரண்டி ஒரு கையில் சீப்பு. எதற்கும் அளவு கிடையாது, உப்பை அள்ளிப் போட்டுவிட்டு அதற்கப்புறம்தான் எவ்வளவு போட்டோம் என்று யோசிப்பேன். அப்பாவோ மில் கேன்டீனில் ஒரு வேளைக்கு முன்னூறு பேருக்கு ஆக்கிப் போட்டவர். வெங்காயம் நறுக்கினால் அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, ஒன்றில் போட்டதை இன்னொன்றில் போட்டால் முகம் சுண்டிவிடும். கொதிக்கிறதில் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைப்பார், இன்னும் ரெண்டு கல்லு என்பார், அந்த இரண்டு கல் உப்பு போட்டால் அது வேறு சாப்பாடாகவே ஆகிவிடும், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் நறுக்கின முட்டைக்கோஸைப் பார்த்து "என்னடி இது, உலகப் படம் மாதிரி கண்டம் கண்டமா வெட்டி வச்சிருக்க" என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் கோபம் வராது. நானும் சும்மா இருக்கவில்லை. அவருக்கு இரண்டு பேருக்குச் சமைக்கக் கை வராது, எப்போது பார்த்தாலும் பத்துப் பேருக்கு ஆக்கி வைப்பார், "ரெண்டாவது ஷிப்டு ஆளுங்க யாரும் வரப் போறதில்லைங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம், மீந்ததையெல்லாம் மாடி வீட்டு நர்ஸம்மா டப்பாவில் வாங்கிக்கொண்டு போவாள். ஒரு உறையில் இரண்டு கத்தியாக நாலு வருஷம் ஓடியது. அந்தச் சண்டை போட்ட நாள் எல்லாம் நல்ல நாள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கியதும், இதயம் தளர்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் உனக்குத் தெரிந்ததுதான். சமையலில் உப்பே சேர்க்கக் கூடாது, உப்பு உள்ளே போனால் உடம்பில் தண்ணீர் கட்டும், கட்டினால் இதயம் அதைத் தள்ள முடியாமல் திணறும், தினம் காலையில் எடை பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். "இனிமே நீயே சமை. உப்பில்லாம சமைக்க என் கைக்குத் தெரியாது, ருசி பாக்காம அடுப்புகிட்ட நிக்கவும் முடியாது" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்த நிமிஷம் உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவருக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி என்று இரண்டாக வைத்தேன். முதல் பத்து நாள் ஒரு பேச்சு குறை சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்பார், நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார். பருப்பு ஆகட்டும், முட்டை ஆகட்டும், மீன் ஆகட்டும், எல்லாவற்றுக்கும் அதே நாலு வாய், அதே நல்லாத்தான் இருக்கு. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது, சட்டைக் காலர் யாருடையதோ போலத் தொங்கியது. கால்சட்டைக்கு பெல்ட்டில் புது ஓட்டை போடச் சொல்லி ஆணியையும் சுத்தியலையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்த அன்று நான் குளியலறைக்குள் போய் அழுதேன். கண்ணெதிரே ஒரு மனுஷன் பட்டினி கிடக்கிறார், நான் என் தட்டில் உப்பு போட்டுச் சாப்பிடுகிறேன், எப்படி இறங்கும் சொல்லு.

மறுநாள் அவர் சட்டிப் பருப்பில் ஒரு சிட்டிகை போட்டேன். கண்ணு, போட்டது நான். அவர் இல்லை. நன்றாகப் படித்துக்கொள், உப்பு போட்டது உன் அம்மா. ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் அடுப்பைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அன்று சோறு மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தட்டை விரலால் வழித்தார். எனக்கு வந்த சந்தோஷம் நீ முதல் வகுப்பில் தேறின போதுகூட வரவில்லை. அடுத்த நாள் இரண்டு சிட்டிகை ஆனது. என் கைக்குத்தான் அளவு கிடையாதே, சிட்டிகை கிள்ளலாகி, கிள்ளல் அள்ளலாகி, ஒரு மாதத்தில் இரண்டு சட்டிக்கும் பெயரில்தான் வித்தியாசம். எடை ஏறியது, சாப்பிடுகிறார் அதனால் சதை பிடிக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் காலில் காலுறையின் பட்டை பள்ளமாகப் பதிந்திருக்கும், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். படித்தவள், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளில் எழுத்துப்பிழை இருந்ததைக்கூடக் கண்டுபிடித்தவள், அதில் இருந்த விஷயத்தை மட்டும் கோட்டைவிட்டேன்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலையில் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனவர் மூன்று படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதடு நீலமாக இருந்தது. நான் போட்ட சத்தத்தில் மாடி நர்ஸம்மா இரவு வேலை முடிந்து வந்த உடுப்போடு இறங்கி ஓடி வந்தாள், அவள்தான் ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் அவரை நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு வந்தாள். நுரையீரலில் தண்ணீர். ஊசி போட்டு, ஆக்சிஜன் முகமூடி மாட்டி, கொஞ்சம் மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா கட்டில் ஓரம் வந்து நின்றார்கள். எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாத்திரை சரியாத்தான் போயிருக்கு. அப்ப வீட்டுல உப்பு போகுது. யாரு போடுறீங்க?" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, "நான்தான் டாக்டரம்மா. நாக்கு கேக்கலை. இவளுக்குத் தெரியாம போட்டுக்கிட்டேன்" என்றார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அந்த அம்மா அவரைத் திட்டின திட்டு முழுவதையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், ஏதோ நான் நல்ல பெண்டாட்டி மாதிரி தலையைக்கூட ஆட்டினேன். உப்பு போட்டதைவிட அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தின்கிறது.

அன்று மத்தியானம் நீ கூப்பிட்டாய். நடந்ததைக் கேட்டதும் அப்பாவிடம் போனைக் கொடு என்றாய், கொடுத்தேன். "உங்க நாக்கை உங்களால அடக்க முடியலைன்னா நான் எத்தனை தடவை வேலையை விட்டுட்டு ஓடி வர முடியும்? ஊருக்கெல்லாம் அளந்து போட்டீங்களே, உங்களுக்கு அளக்கத் தெரியலையா? அம்மாவைக் கொன்னுட்டுத்தான் ஓய்வீங்க" என்று நீ சொன்னது கட்டிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவர் "சரிம்மா. தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னார். நீ வைத்துவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து ஆறு நாள் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஏழாம் நாள் அவர் முற்றத்தில் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், நான் எதிரே போய் உட்கார்ந்து, உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "முதல் வாயிலயே" என்றார். "முப்பத்தாறு வருஷம் உப்பு பாத்த நாக்குடி இது." தெரிந்துமா சாப்பிட்டீர்கள், ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவர் ஒரு பல்லை உரித்து முடித்துவிட்டு, "நீ அன்னைக்குத் திரும்பி நின்ன பாரு, தோளு ரெண்டும் ஏறிப் போய், என்ன சொல்லப் போறேனோன்னு. சொல்ல மனசு வரலை" என்றார். அப்புறம், "பொய் சொல்லக் கூடாது, ருசியாவும் இருந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாயோடேயே அழுதேன், செத்துப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டேன், அவர் பூண்டுத் தோலை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவிடம் அடுத்த முறை போனபோது நானே உண்மையைச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இந்தத் தடவை இதயத்துக்கு ஆன சேதத்தில் கொஞ்சம் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்றார்கள். வரும் வெள்ளிக்கிழமை மறுபடி பரிசோதனை.

இப்போது வீட்டில் ஒரே சட்டிதான், எனக்கும் உப்பு கிடையாது. அவர் சமையல்கட்டு வாசற்படி ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்கிறார், நான் செய்கிறேன். பூண்டைச் சுட்டு நசுக்கிப் போடு, எலுமிச்சையை இறக்கின பிறகு பிழி, மிளகை வறுக்கும்போது வாசம் வந்ததும் எடு, கருக விடாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார், நான் எதையாவது கண்ணளவில் போடப் போனால் தொண்டையைச் செருமுகிறார். நாலு வாய் ஏழெட்டு வாய் ஆகியிருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நான் உனக்கு எழுத மாட்டேன், நன்றாக இல்லை, வைக்கோலைத் தின்பது போலத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து தின்கிறோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவர் காலை அழுத்திப் பார்க்கிறேன், விரல் பட்ட இடம் பள்ளமாக நிற்கிறதா என்று. நான் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் காலை நீட்டுகிறார்.

உனக்கு உண்மையை எழுதப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னேன், அவர் விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேண்டாம். என்மேல கோபம்னா அவ உன்கிட்ட சொல்லி அழுவா. உன்மேல கோபம்னா அந்தப் பொண்ணு அங்க யாருகிட்டடி போய்ச் சொல்லும்?" இதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. உனக்கு என்மேல் வரும் கோபம் நியாயம், வரட்டும், மாசக்கணக்கில் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். யாரிடம் சொல்லி அழுவாய் என்ற கவலை மட்டும் உனக்கு வேண்டாம், அப்பா இருக்கிறார், அவரிடம் சொல்லு.

குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததாகப் போன வாரம் சொன்னாய், தலையை ஈரத்தோடு விடாதே. நீயும் வேலை அவசரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், உட்கார்ந்து சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், அரை மணி நேரம் கீழே வர மாட்டேன். அந்த நேரத்தில் கூப்பிடு. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் அவர் சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். இரண்டு மணி நேரம் ஒரே பக்கம்.

நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மறந்துவிடாதே, ஞாயிறு பத்து மணி.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராமல் எழுதிக் கேட்கும்,
உன் அம்மா