உம்முடைய துண்டில் என் தலையிடி

பக்கத்து வளவில் திருக்கைக் கருவாடு காயப் போட்டிருக்கிறார்கள். காலையில் இருந்து சோளகக் காற்று அந்த மணத்தை நேரே என் மூக்குக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. அது எனக்கு ஆகாது என்று உமக்குத் தெரியும். ஒரு வால் மணந்தாலே போதும், வலது கண்ணுக்குப் பின்னால் வேலை தொடங்கிவிடும். அதனால்தான் நீர் கரம்பொனில் இருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் கிணற்றடிக்குப் போய்க் குளிப்பீர். பிறகு காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எனக்கு மணம் வராத பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பீர். "மீன்காரனைக் கழுவிப்போட்டுக் கூப்பிடுற வீடு இது ஒண்டுதான் காணும்" என்பீர்.

இன்றைக்கு மணத்தோடு நீரும் வந்துவிட்டீர். அதனால் எழுதுகிறேன். ஓம், நானேதான் எழுதுகிறேன். எண்பத்து மூன்றில் கொழும்பில் வீடு எரிந்து கப்பலில் வந்திறங்கினாளே என் மருமகள், அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், அவள் இங்கே சும்மா இருக்க ஏலாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதில் நான் ‘அ’ எழுதினேன். சரவணையில் ஒரு கடையின் பலகையை முதல்முறை முழுதாக வாசித்த அன்று, கடைக்குள் போய் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். வாசித்ததிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

இருந்து எழுத நாரி விடாது, முதுகின் அடியில் பிடித்துக்கொள்ளும். நெல்லுப் பெட்டகத்தின்மேல் கொப்பியை வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன். யன்னலைத் திறந்தால் வெளிச்சம் தலைக்கு ஆகாது, மூடினால் எழுத்துத் தெரியாது. அரைவாசி திறந்து வைத்தால் ஆறு வரி எழுதலாம். ஒரு வரி முடிந்ததும் இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்று பார்க்கிறேன், புகையிலைக் கன்று நட்ட வரிசையைப் பார்ப்பதுபோல. கோணல்தான். ஆனால் என்னுடைய வரிசை.

என் இரண்டு வருத்தங்களையும் உம்மைவிட நன்றாக அறிந்தவர் ஒருவரும் இல்லை. தோட்டக் கிணற்றில் துலா இழுத்து இழுத்துப் போன நாரி ஒன்று. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒற்றைத் தலையிடி மற்றது. தனித்தனியே வந்தால் சமாளித்திருப்பேன். இவை பேசிவைத்துக்கொண்டு வரும். நாரிக்குப் பலகையில் நேராகப் படுக்க வேண்டும். படுத்தால் தலை உலக்கை போட்டு இடிக்கும். தலைக்கு எழும்பி இருக்க வேண்டும். இருந்தால் நாரி பிடித்துக்கொள்ளும். பரியாரியார் நாரிக்கு எண்ணெய் காய்ச்சித் தந்தார். அதன் மணத்தில் தலை தொடங்கியது. தலைக்கு ஈரத்துணி போட்டால் குளிர் இறங்கி நாரி இறுகியது. ஒன்றுக்குச் சோறு போட்டால் மற்றது பட்டினி கிடந்து கத்தும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பாதி படுத்து, பாதி நிமிர்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக் கழித்தேன் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

நாரி நோகிறது என்றால் ஊர் நம்பும். தோட்டக்காரனுக்கு அது நோகாவிட்டால்தான் புதினம். தலையிடி என்றால் சிரிப்பார்கள். "உள்ளுக்கு ஏதும் இருந்தால்தானே இடிக்கும்" என்று சந்தியில் ஒருவன் சொன்னபோது, "உமக்கு ஒருநாளும் வராது, பயப்பிடாதையும்" என்று நீர்தான் அவனுக்குச் சொன்னீர்.

புதன்கிழமைகளில் வெளியில் இருந்து ஒரு டொக்டர் வந்து மடத்தில் இருந்து மருந்து கொடுக்கத் தொடங்கியது அந்த நாளில்தான். நீர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நான் அதன் கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். வாசலில் பெயரையும் வருத்தத்தையும் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்த மனுசனை மறந்திருக்கமாட்டீர்.

"என்ன வருத்தம்?"

"நாரியும் தலையும்."

"ஏதாவது ஒண்டைச் சொல்லும்."

"ரெண்டும் எனக்குத்தான்."

"பின்னாலை எவ்வளவு சனம் நிக்குது பாரும். ஒரு துண்டுக்கு ஒரு வருத்தம். மற்றதை அடுத்த கிழமை கொண்டாரும்."

"அதுமட்டும் தலையைக் கழட்டி வைக்க ஏலுமோ?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் சண்டைக்கு நின்றேன். நீர் என் தோளில் தட்டினீர். "நாரியை நீர் கொண்டு போம். தலையை நான் கொண்டு போறன்." சொல்லிவிட்டு உம்முடைய பெயரில் ஒரு துண்டு எடுத்தீர், வருத்தம் தலையிடி என்று. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் நோயாளி என்று தெரிகிற மாதிரி உள்ளே போனீர்.

மறைப்புச் சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "டொக்டர், வலக்கண்ணுக்குப் பின்னாலை ஆரோ நங்கூரம் போட்டிட்டு வள்ளத்தை இழுக்கிறாங்கள். கயிறும் அறாதாம், நங்கூரமும் கிளம்பாதாம். ஒரு வெளிச்சம் பட்டால் ஒருக்கால் இழுவை, ஒரு மணம் பட்டால் இன்னொருக்கால்." எத்தனையோ வருசம் அந்த நோவோடு கிடந்தும் எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. என் நோவை இன்னொருவர் வாயில் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

அதன்பிறகு இரண்டு வருசம் அப்படியே போனோம். என் துண்டுக்கு நாரிக் குளிசை, உம்முடைய துண்டுக்குத் தலைக் குளிசை, இரண்டும் என் வயிற்றுக்கு. நாரி கொஞ்சம் இளகியது. தலை மட்டும் மோசமானது. மாதத்துக்கு இரண்டு தரம் வந்தது கிழமைக்கு மூன்று நாள் என்று ஆனது. "புதன்கிழமை தப்பாமல் என்னோடை வரவேணும் எண்டு உம்மடை தலைக்குத் தெரிஞ்சிட்டுது" என்று நீர் பகிடி விட்டீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடக் குளிசை கேட்டு வாங்கி வாரும் என்றேன். நீரும் கேட்டு வாங்கினீர்.

ஒரு புதன்கிழமை, மடத்துக்குப் போகும் வழியில், தரவை வெளியின் நடுவில் நீர் சைக்கிளை நிறுத்தினீர். கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு நின்றீர். "என்ன காணும்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. வாய்வு."

"வெய்யில் ஏறுது. நடவும், பிந்தினால் துண்டு முடிஞ்சிடும்."

நடந்தீர்.

பிறகு ஒருநாள் காலையில், வலையை இழுத்துக் கரைசேர்த்துவிட்டு வள்ளத்தின் விளிம்பில் இருந்தீராம். மற்றவர்கள் மீனைப் பொறுக்கி முடித்துக் கூப்பிட்டபோது நீர் எழும்பவில்லையாம். செத்தவீட்டில் உம்முடைய மனைவி என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். "மூண்டு மாசமாய் நெஞ்சு நோகுது எண்டவர் அண்ணை. புதன்கிழமை போய்க் காட்டுறன், காட்டுறன் எண்டு உங்களோடைதானே வந்தவர். டொக்டர் என்ன சொன்னவர்?"

நான் சொன்னது இது: "குளிசை குடுத்தவர்."

கொடுத்த குளிசை இந்தப் பெட்டகத்துக்கு மேல்தான் அப்போது இருந்தது.

உம்மில் எனக்குக் கோபம். எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், கோபம். கூட்டத்தில் நின்று ஊரார் முன்னால் என் தலைக்காக ஒரு கண்ணை மூடி நடித்த மனுசன், சீலைக்கு அந்தப் பக்கம் போனதும் "டொக்டர், என்ரை நெஞ்சையும் ஒருக்கால் பாருங்கோ" என்று சொன்னால் என்ன? அதற்கு எத்தனை நிமிசம் போகும்?

இரண்டு கிழமை கழித்து நான் தனியே மடத்துக்குப் போனேன். அப்போது எனக்குக் கொஞ்சம் எழுத்து வந்திருந்தது. துண்டுக்காரரிடம் வாய் திறக்கவில்லை. வீட்டில் இருந்தே ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போனேன்: நாரி. தலை. இரண்டும் ஒரு ஆள். அவர் அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், உள்ளே விட்டார். நான் பிறத்தியாருக்கு எழுதிக் கொடுத்த முதல் எழுத்து அது. அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு புளுகம், சின்னப்பிள்ளைச் சந்தோசம் வந்தது, அதையும் உமக்குச் சொல்லத்தான் வேண்டும்.

டொக்டர் கடதாசியைப் பார்க்கமுன்னமே கேட்டார். "உங்களோடை வாற நங்கூரக்காரர் எங்கை? ரெண்டு கிழமையாய்க் காணேல்லை."

"செத்துப்போனார்."

"தலையிடியிலையோ?"

"தலையிடி என்ரை, டொக்டர்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மருந்து எழுதிவைக்கும் உம்முடைய காட்டையும் என்னுடைய காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த ரெண்டையும் ஒரே ஆள் விழுங்கினதோ? ஐயா, நோக் குளிசையை இப்பிடி நாள் தப்பாமல் விழுங்கினால் அதாலையே தலையிடி வரும். உங்கடை தலையைக் கூட்டினதே இதுதான்." பிறகு உம்முடைய காட்டைக் கையில் எடுத்தார். "ஒருநாள் இந்தக் கதிரையிலை இருக்கேக்கை அவருக்கு மூச்சு வாங்கினது. சேட்டைக் கழட்டுங்கோ, நெஞ்சைப் பாப்பம் எண்டனான். இண்டைக்குத் தலைக்குத்தான் துண்டு எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டார். ஒரு துண்டுக்கு ஒரு வருத்தமாம். அப்பிடி ஒரு சட்டம் நான் போடேல்லையே."

அந்தச் சட்டத்தை நான் திட்டினேன், ஏமாற்றினேன், அதற்கு மேலால் ஏறிப் போனேன். நீர் மட்டும் உம்முடைய விசயத்தில் அதற்குக் கீழ்ப்படிந்தீர்.

குளிசைகளை விட்ட முதல் கிழமைகள் நரகம். பிறகு தலை மெல்ல மெல்லப் பழையபடி மாதத்துக்கு இரண்டு தரம் என்று வந்து நின்றது. நாரிதான் இப்போது குளிசை இல்லாமல் வீட்டை ஆள்கிறது. தலை விலகியதற்குச் சந்தோசப்படலாம் என்றால், உம்முடைய மனைவியின் கேள்வி அந்த இடத்தில் வந்து இருந்துகொண்டது. நாரியோடு ஒவ்வொரு மதகிலும் இருந்து இருந்து கரம்பொனுக்கு நடந்தேன். சொன்னேன். புதன்கிழமைகளில் அவர் காட்டியது என் தலையை, தங்கச்சி, தன் நெஞ்சை ஒருநாளும் காட்டவில்லை என்று.

அவர் ஏசவில்லை. கறுப்புச் சீலைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிறகு கேட்டார். "எப்பிடி நோகுது எண்டு உங்களுக்காவது சொன்னவரோ? என்னட்டை நெஞ்சு எண்டதோடை விட்டிட்டார். எரியுதோ, குத்துதோ, அமத்துதோ, ஒண்டும் தெரியாது எனக்கு."

எனக்கும் தெரியாது.

இப்போதும் டொக்டர் தலை எப்படி என்று கேட்டால், நீர் சொன்ன வள்ளமும் கயிறும்தான் என் வாயில் வருகின்றன. வேறு விதமாகச் சொல்ல நான் பழகவில்லை. மருமகள் சொல்கிறாள், இனி எனக்கு எழுத ஏலாத சொல் இல்லையாம். அவள் சொல்வது சரி. ஆனால் உம்முடைய நெஞ்சு எப்படி நொந்தது என்று எழுத இதைத் தொடங்கிய நாளில் இருந்து, நான்கு நாளாக, இந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஒன்றும் இல்லை எழுத. நான் கேட்டது ஒரேயொரு தடவை, அதையும் வெயிலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.