கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு
எங்கள் ஊர் அலவத்துகொடயில் புதுப்பித்த மண்டபத்தில் முதல் நிக்காஹ். பெண்கள் பக்கத்தில் இருந்த எங்களுக்கு ஒரு சொல்லாவது விளங்கினால்தானே! ஓதுகிறார்களா, பயான் உரை நிகழ்த்துகிறார்களா, சாப்பிடக் கூப்பிடுகிறார்களா — எல்லாம் ஒரே முழக்கம். முடிந்துவிட்டதென்று நினைத்து, மணமகளின் உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். "இன்னும் தொடங்கவேயில்ல நஸ்லியா" என்றாள். வெட்கமாகப் போயிற்று.

மாத முடிவில் இங்கேதான் என் சப்னாவின் நிக்காஹ். பெற்றவள் நான். அவள் பெயர் சொல்லப்படுவதையாவது என் காதால் கேட்க வேண்டாமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி
என் கணவர், இவர்தானே மண்டபக் கமிட்டிச் செயலாளர்! நச்சரித்ததில் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் பூட்டிவிட்டு வந்து, "இனி கண்டிக்கே கேக்கும்" என்கிறார். கண்டிக்குக் கேட்கட்டும். எனக்கு?

ஆகஸ்ட் 10
மண்டபத்துக்குப் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். இரைச்சல் இரண்டு மடங்கு. யா அல்லாஹ், பொறுமையைத் தா.

ஆகஸ்ட் 16, சனி
சப்னா மண்டபத்தின் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தாள். ஒரு தட்டலின் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. "உம்மா, மாபிள் தரையும் கண்ணாடியும் சத்தத்தத் திருப்பித் திருப்பி அனுப்புது. ஸ்பீக்கரக் கொறச்சி, தடிச்ச துணி தொங்கவிட்டாச் சரி."

உண்மைதான். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கப் பழைய கனத்த திரை தொங்கிய காலத்தில் எல்லாம் நன்றாகக் கேட்டதே! அதைக் கழற்றிவிட்டுத்தான் இந்த மங்கல் கண்ணாடியைப் பூட்டினார்கள்.

இவரிடம் சொன்னால், "கண்ணாடில அதத் தந்த சாஹுல் ஹமீது ஹாஜியார்ட பேரு எழுதி ஈக்கி. மூடினா அவர்ட மொகத்துல எப்பிடி முழிக்கிற?"

ஹாஜியார் முகம் பெரிது. என் காது? சீ, என்ன மனிதர்களோ!

ஆகஸ்ட் 23
ஹாஜியாரின் மனைவி ஹவ்வா உம்மாவிடமே போய்விட்டேன். நான் சொல்லி முடிக்கவில்லை, "எனக்கும் அண்டைக்கு நிக்காஹ்ல ஒண்டும் வெளங்கல்ல மகள். அந்தப் பேர நாப்பது வருஷமாப் பாத்துட்டேன். மூடுங்க!" என்று வீட்டு ஜன்னல் திரைகளைக் கழற்றத் தொடங்கினார். ஹாஜியார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
கண்ணாடி முழுக்க ஹவ்வா உம்மாவின் திரைகள், தரையெல்லாம் அவருடைய கம்பளங்கள். புது ஸ்பீக்கர் இரண்டையும் இவரே கழற்றினார், முணுமுணுத்துக்கொண்டு.

நிக்காஹ் தொடங்கியது. பெண்ணின் வாப்பாவாக மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இவர் சொன்னது சொல் சொல்லாகக் கேட்டது. "என்ட மகள் சப்னாவ—" அங்கே நின்றுவிட்டது. அழுகையை அவர் விழுங்குவதுகூடக் கேட்டது. பிறகு மெதுவாகச் சொல்லி முடித்தார். இத்தனை வருடத்தில் இந்த மனிதர் அழுது நான் கேட்டதேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மைக் பழுதாம்.