மாப்பிள்ளையின் மாத்திரைக்கு நான் கொடுத்த சான்று

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ மாடிப்படியில் கால் தவறி விழுந்து, இடுப்பில் அடிபட்டுப் படுத்திருப்பதாக உன் மகன் எழுதிவிட்டான். தவறியது கால் இல்லை. கடைசிப் படி உன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் உனக்குக் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதை நிறுத்தச் சொன்னவள் நான். என் மாப்பிள்ளை விற்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் வைட்டமின் மாத்திரைகளை அனுப்பி, மூன்றே மாதத்தில் என் புரை தெளிந்துவிட்டது என்று எழுதியவளும் நான்தான்.

உன் மகன் கடிதம் வந்த மறுநாளே கண் மருத்துவரிடம் போனேன். சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. மாத்திரைக் குப்பியை மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண் மருத்துவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, மாத்திரை புரையைக் கரைக்கும்னா நான் எப்பவோ கடையை மூடியிருப்பேன்" என்றாள். ஆயிரக்கணக்கான பேருக்கு வருடக்கணக்கில் இந்த வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்தார்களாம். சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் புரையில் வித்தியாசமே இல்லையாம்.

பார்வை தெளிந்தது என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டாள். ஞாயிறுதோறும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பள்ளிப் பிரார்த்தனைப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துப் பார்ப்பேன் என்றேன். "எப்பவும் அதே பக்கமா?" என்றாள். அதே பக்கம்தான். கன்னியாஸ்திரீகள் ஓர் எழுத்துப் பிசகாமல் நமக்கு மனப்பாடம் செய்வித்த பக்கம். வாசித்தது என் வாய். நான் கண் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள் நான்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசைமேல் மாப்பிள்ளை அச்சடித்துக் கொண்டுவந்த புதிய துண்டுப் பிரசுரக் கட்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் என் படம். ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கண்ணாடி இல்லாமலே வாசிக்கிறார்.’ அதிலும் இரண்டு எழுத்துப் பிழை. கொளுத்துங்கள் என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "நம்பிக்கைதான் அத்தை பாதி மருந்து. நாலு பேர் நல்லா இருக்கிறப்ப நீங்க இப்படிப் பேசலாமா?" என்றார். மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டினேன். மூன்று வாளித் தண்ணீருக்கும் அசையாமல், மஞ்சள் கொழகொழப்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினேன்.

அவரையாவது வியாபாரி என்று ஒதுக்கிவிடலாம். எனக்குக் கண்ணில் கத்தி படுவது என்றால் பயம். அந்தப் பயத்தைப் புத்திசாலித்தனம் என்று சொல்லி உன் தலையில் கட்டினேன். என்னையே எனக்குச் சகிக்கவில்லை.

புரை முற்றி இறுகினால் அறுவை சிரமம் என்கிறாள் மருத்துவர். இடுப்பு வலி குறைந்து நீ எழுந்து உட்கார்ந்ததும் உன் மகன் உன்னைக் கூட்டிப்போகட்டும். எனக்கு வருகிற வியாழக்கிழமை, வலது கண். வலித்தால் வலித்தது என்றே எழுதுவேன்.

சின்ன வயதிலிருந்து நான் சொன்னதற்கு நீ மறுபேச்சுப் பேசியதே இல்லை. இனிமேல் பேசு. அக்கா சொன்னாள் என்பதற்காக எதையும் செய்யாதே, இதைக்கூட. மருத்துவரிடம் நீயே கேட்டு, நீயே முடிவு செய். நல்ல முடிவாக இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா