கடைசி சைக்கிளின் மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உன் மாமாவும் நலம். போனில் பேசாமல் கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வந்தால் நீ அவசரமாக வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்தாலும் அப்புறம் எடுத்துப் படிப்பாய்.

பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன, இந்த சீசனுக்குக் கடையைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது. பதினாலு சைக்கிளுக்கும் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை மாற்றி, குழந்தைகள் உட்காரும் சீட்டுகளைக் கழுவிக் காயவைத்தேன், அம்மாவின் நீலச் சைக்கிளை மட்டும் தொட மனசு வரவில்லை, காற்று இறங்கிப்போய்ச் சுவரோரம் நிற்கிறது. மாமா ஒத்தாசைக்கு வந்தேன் என்று பேர் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். அக்கா போன வீட்டில் அத்தானைத் தனியாக விடக்கூடாதாம். ஒரு பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரம், அதைப் பற்றிப் பேச இரண்டு மணி நேரம். தொப்பைக்கும் ஒரு ஹெல்மெட் போட்டுக்கோங்க மாமா என்று ஒரு வாண்டு சொல்லிவிட்டது, அன்று முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தான்.

சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்களை நாங்கள் சைக்கிளில் கூட்டிப்போகும் விதம் உனக்குத் தெரியாததில்லை. முன்னால் நான், கடைசியில் அம்மா, நடுவில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். ஆற்றோரமாகச் சமதரை, அப்புறம் பேரித் தோட்டம், கடைசியாகத் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே அந்த ஒரே ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் நான் இரண்டு தரம் மணி அடிப்பேன், பின்னால் எல்லாம் சரி என்றால் அவள் ஒரு தரம் அடிப்பாள். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் சைக்கிள் ஒரு பக்கம் சாயும், பின்னால் வரும் பிள்ளை வந்து மோதும், அதனால் திரும்பவே கூடாது என்பது நானே போட்ட சட்டம். பத்தொன்பது வருஷம் நான் திரும்பியதில்லை. மணி கேட்டால் எனக்குப் போதும்.

போன செவ்வாய்க்கிழமை, மழையில் பாதைக்குச் சரிந்து வந்த கற்களை அப்புறப்படுத்தச் சொல்லலாம் என்று கொடிக்காரம்மாவைப் பார்க்கப் போனேன், அதுதான் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்காரி. அவள் வெட்டுகத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெட்டியை எடுத்துடட்டுமா, இல்ல அங்கேயே கிடக்கட்டுமா என்று கேட்டாள். எந்தப் பெட்டி என்றேன். ஏற்றத்தின் பாதியில், வேலியோரமாகக் கவிழ்த்துப் போட்ட ஒரு பழப்பெட்டி. அக்கா தினமும் உக்காருவாங்களே, உங்களுக்குத் தெரியாதா என்றாள். போன வருஷம் முழுக்க அம்மா அந்த ஏற்றத்தை மிதிக்கவே இல்லையாம். தள்ளிக்கொண்டு வருவாளாம், பாதியில் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வாளாம், மேலே என் மணி கேட்டதும் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஒரு தரம் அடிப்பாளாம். அவர்கிட்ட சொல்லிடாதே, சீசன் முடியட்டும் என்று கொடிக்காரம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மேலே நாங்கள் பழச்சாறு குடித்து முடிக்கும்போது மெல்ல வந்து சேர்வாள், கேட்டால் செருப்பு வார் அறுந்துவிட்டது என்பாள். ஒரு வருஷத்தில் எத்தனை வார் அறும் என்று நான் யோசிக்கவில்லை பார்.

நீ சொன்னாய் கண்ணு. விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குதுப்பா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்று சொன்னாய். மணி ஒழுங்கா அடிக்கிறா, அவளுக்கு ஒண்ணுமில்ல, நீ வேற கிளப்பாதே என்று நான் எரிந்து விழுந்தேன். இலை உதிர்ந்து முடிவதற்குள் போய்விட்டாள். காரியத்துக்கு வந்த நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், நான்கு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். தப்பு என்னுடையதுதான்.

மறுநாளிலிருந்து மாமாவை முன்னால் விட்டுவிட்டு நான் கடைசியில் வருகிறேன். அங்கே இருந்தால் எல்லாம் தெரிகிறது, எந்தக் குழந்தைக்குக் கால் வலிக்கிறது, எந்த அப்பா வீம்புக்கு மிதிக்கிறார் என்று எல்லாம். இத்தனை வருஷமும் அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். நேற்று ஏற்றத்தின் பாதியில் சைக்கிளை விட்டு இறங்கி அந்தப் பெட்டியில் உட்கார்ந்தேன். மேலே மாமா இரண்டு தரம் அடித்தான். பதில் அடிக்கக் கை வரவில்லை. மறுபடி அடித்தான், சும்மா இருந்தேன். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, அத்தான் என்னாச்சு அத்தான் என்று கத்தியபடி ஓடி வந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் ஒரே ஒரு நாள் அடிக்காமல் இருந்திருந்தால் நானும் இப்படித்தானே ஓடி வந்திருப்பேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கோபிக்காதே. நாலு ஞாயிறாக மாப்பிள்ளையைக் கேட்டால் குளிக்கிறார் என்கிறாய். மனுஷன் ஒரு மாதமாகவா குளிப்பான்? போன வாரம் குட்டி, அம்மா சாப்பிடவே மாட்டேங்கறா தாத்தா என்றதும், நீ போனைப் பிடுங்கி, நல்லா இருக்கேன்ப்பா, எல்லாம் நல்லா இருக்கு என்றாய். உன் அம்மா அடித்த மணிதான் அம்மாடி அது, இந்தத் தடவை எனக்குக் கேட்டுவிட்டது. நான் மட்டும் என்ன, ஆரம்பத்தில் நலம் என்று எழுதினேனே, அது பொய். நான் நலமாக இல்லை. இப்போது நீ சொல்.

உன்னை நான் எதுவும் கேட்டுத் துளைக்க மாட்டேன், யாரையும் குறை சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், கடையை மாமா பார்த்துக்கொள்வான், அல்லது கெடுப்பான், அது போகட்டும். வேளைக்குச் சாப்பிடு, குட்டி பார்க்கிறாள். நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்வேன். நல்லா இருக்கேன் என்று சொல்ல வராவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இரு. நான் கிளம்பி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா